ராக்கு அக்கா கடைசிவரை இடத்தை விட்டு எழுந்திரிக்கவில்லை

ராக்கு அக்கா இறந்துவிட்டார். இன்று காலை. ராமேஸ்வரம், அக்னி தீர்த்தம் பக்கத்து வேன் ஸ்டாண்டில், எப்போதும் உட்காரும் அதே இடத்தில்.

எந்த ராக்கு அக்கா என்கிறீர்களா? வேனை விட்டு இறங்கியதும் நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தாண்டிப் போனீர்களே... அவர்தான்.

எனக்குத் தார்ப்பாய், கயிறு வியாபாரம். சர்ச்சுக்குப் போகிறவன் இல்லை. போன மழைக்கு முன்னால் ஒரு சர்ச் குரூப், ரோட்டோரம் படுப்பவர்களுக்காக மொத்தமாகத் தார்ப்பாய் வாங்கியது. ஒவ்வொன்றிலும் கடைப் பெயரை பிரிண்ட் அடித்துக் கொடுத்தேன். வியாபாரி வேறென்ன செய்வான்?

அந்தக் குரூப்பை நடத்தும் சிஸ்டர் சிரித்தார். "விளம்பரம் போய்ச் சேருதான்னு நீங்களே வந்து பாருங்க சார்." அவர்கள் வேனில் ஏறினேன்.

ராக்கு அக்கா தார்ப்பாயை விரித்து, எழுத்துக்கூட்டி வாசித்தார். "என்ன மொதலாளி, ஒங்க கடை போர்டை என் தலைக்கு மேல மாட்டுறீக... வாடகை எம்புட்டுத் தருவீக?"

அன்றிலிருந்து வாராவாரம் அந்த வேனில் நானும் போனேன்.

சிஸ்டர் நடத்தும் ஹோமில் கட்டில், ஃபேன், மூன்று வேளைச் சோறு... சிஸ்டர் எத்தனையோ தடவை கூப்பிட்டுவிட்டார். அக்கா அசையவில்லை. எனக்கே கோபம். "கூரை குடுத்தாலும் வேணாமா? வேற என்னதான்க்கா வேணும்?"

"அம்மாவுக்குத் திதி குடுக்கன்னு என் தம்பிதான் கூட்டியாந்தான். முங்கி எந்திரிச்சு வந்து பாக்குறேன், வேனைக் காணோம். ஈரச் சேலையோட நின்னேன். ஊருக்குப் போனா பூட்டை மாத்திட்டான். எங்கம்மா எனக்குன்னு விட்டுட்டுப் போன வீடு!"

"அவன் வருவான்னு உக்காந்திருக்கீங்களா?"

"அட கூறுகெட்ட மொதலாளி! அவன் எதுக்கு வாரான்? எங்க ஊர்க்காரன் எவனாச்சும் கோயிலுக்கு வருவான்ல. எறங்குனதும் என்னையப் பாக்கணும். ஊருக்குள்ள போயிச் சொல்லணும். நான் ஹோமுல போயி ஒளிஞ்சுக்கிட்டா அவனுக்குல்ல நிம்மதி!"

சோற்றுக்கு உட்கார்ந்திருக்கிறார் என்று ஊரே நினைத்தது. அக்கா மறியல் பண்ணிக்கொண்டிருந்தார்.

போட்டோ என்றால் மற்றவர்கள் முகத்தை மூடிக்கொள்வார்கள். இவர், "மூஞ்சி நல்லாத் தெரிய எடு" என்பார்.

மதியத்திலிருந்து போன் மேல் போன். "சர்ச்சுக்காரங்க மதம் மாத்திட்டாங்களாமே?" மாற்றவில்லை ஐயா. இன்று அக்கா நெற்றியில் திருநீறு பூசியதே சிஸ்டர்தான்.

இன்னொருத்தர், பக்கத்துக் கடைக்காரர். "யாத்திரைக்காரங்க வர்ற ஊருண்ணே. பேஸ்புக்ல போடாதீக, பேரு கெட்டுரும்."

கெடட்டும்.

போட்டோ கீழே இருக்கிறது. மூஞ்சி நல்லாத் தெரிகிறது. RIP எல்லாம் வேண்டாம், ஷேர் பண்ணுங்கள். அக்காவுக்குக் கமுதிப் பக்கம்தான் ஊர்; அங்கே ஆள் தெரிந்தவர்கள் முதலில் பண்ணுங்கள்.

போயிட்டு வாங்க அக்கா... இன்னைக்குப் பொழுது சாயிறதுக்குள்ள உங்க தெருவுல ஒவ்வொரு போன்லயும் நீங்கதான்.