செல்ஃப் சுற்றியது, வண்டி எடுக்கவில்லை

பிள்ளைகளே, ஆயுத பூஜை அன்று நம் வண்டிக்கு நீங்கள் பொட்டு வைக்கும்போது நான் பக்கத்திலேயே நிற்பதும், பானெட்டைத் திறக்கவே விடாததும் உங்களுக்கு வேடிக்கையாக இருக்கிறது. அப்பாவுக்குச் சாமி நம்பிக்கை போய்விட்டது என்று போன வருஷம் பெரியவள் சொன்னாள். அப்படி இல்லை. நான் ஏழாவது வரை படித்தவன். கோர்வையாக எழுத வராது. ஆனாலும் இதை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். இதில் வருகிற டிரைவர் இப்போது உயிரோடு இல்லை. அவர் இருந்தவரை இதை நான் உங்கள் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

எழுபதுகளில், ஸ்ரீபெரும்புதூரில் பெங்களூர் ரோட்டை ஒட்டிய ஒரு ஷெட்டில் மெக்கானிக்காக இருந்தேன். முதலாளிக்கு ஒரு லாரி, ஒரு பெட்ரோல் வேன். அந்த வேனை ஓட்டியவர்தான் நான் சொன்ன டிரைவர். என்னைவிட வயதில் சின்னவர், என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். வீடு ஷெட்டுக்குப் பின்தெருவில். அவர் சம்சாரத்துக்கு அது தலைப்பிரசவம்.

ஆயுத பூஜைக்கு எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம். காலையில் பூஜை முடிந்ததும் ஸ்பேனர், சுத்தியல், திருப்புளி எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் போய்விடும். மறுநாள் காலையில் கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றுகிறவரை எதையும் யாரும் தொடக்கூடாது. அதனால் பொட்டு வைத்த வண்டியை அன்றைக்கு யாரும் ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பதில்லை.

அந்த வருஷம் பூஜை அன்று விடியற்காலையிலேயே அவர் சம்சாரத்துக்கு வலி கண்டுவிட்டது. பெண்கள் அவரை வீட்டில் இருக்க விடவில்லை. ஷெட்டுக்கு வந்து வேனைக் கழுவினார். துடைத்தார். சந்தனத்தைக் கிண்ணம் நிறையக் கரைத்துக்கொண்டு வந்து பானெட்டைத் திறந்தார். ரேடியேட்டர், பேட்டரி, டைனமோ, கைக்கு எட்டினதையெல்லாம் விடவில்லை. ஒவ்வொன்றிலும் விரலை வைத்து இழுக்கும்போது உதடு ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

"இன்னாய்யா, வண்டிக்குப் பொட்டு வெக்கிறியா, செவுத்துக்கு வெள்ளை அடிக்கிறியா?" என்றார் முதலாளி.

"இருக்கட்டும் மொதலாளி. இன்னிக்கு நல்லபடியா பொறக்கணும்ல."

"புள்ள பொறக்கப் போறது உனக்கா, வேனுக்கா?"

எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். இன்னும் கொஞ்சம் சந்தனம் எடுத்தார்.

மத்தியானம் பொரி கடலை தின்றுவிட்டு ஆட்கள் கலைந்து போனார்கள். நான் ஷெட்டிலேயே சாக்கை விரித்துப் படுத்திருந்தேன். செல்ஃப் மோட்டார் சுற்றும் சத்தம் கேட்டுத்தான் எழுந்தேன். டிரைவர் வேனில் உட்கார்ந்து சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தார். சட்டை இல்லை.

"பொண்ணு பொறந்துச்சுண்ணே. ஆனா ரத்தம் நிக்கல. பெரியாஸ்பத்திரிக்கு இட்டுகினு போவச் சொல்லுது மருத்துவச்சி. செல்ஃபு நல்லா சுத்துது, வண்டி எடுக்க மாட்டேங்குது."

லாரிக்கு கியர்பாக்ஸை இறக்கிப் போட்டிருந்தோம். எங்கள் ஷெட்டில் ஓடக்கூடியது அந்த வேன் ஒன்றுதான். ரோட்டில் ஆளை அனுப்பி வேறு வண்டி நிறுத்தச் சொன்னோம். பண்டிகை நாள், வந்த ஒன்றிரண்டும் நிற்காமல் போயின.

செல்ஃப் சுற்றுகிறது என்றால் பேட்டரி இருக்கிறது, என்ஜின் இறுகவில்லை என்று அர்த்தம். மிச்சம் பார்க்க வேண்டியது இரண்டுதான். பெட்ரோல் வருகிறதா, கரண்ட் வருகிறதா. அதைப் பார்க்க ஸ்பேனர் வேண்டும். படத்துக்கு முன்னால் போனேன். முதலாளி சத்தம் கேட்டு வந்து நின்றார்.

"பூஜையில வெச்சத எடுக்காதய்யா."

"உசுரு மொதலாளி."

"நான் இன்னா வேணாம்னா சொல்றேன்? ஒரு கற்பூரம் காட்டிட்டு எடு. இரு, நெருப்புப்பெட்டி எங்க வெச்சேன்..."

அவர் தேடிக்கொண்டிருக்கும்போதே பூவைத் தள்ளிவிட்டு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கார்புரேட்டருக்குப் போகிற குழாயைக் கழற்றிவிட்டு செல்ஃப் அடிக்கச் சொன்னேன். பெட்ரோல் பீய்ச்சி அடித்தது. அதில் குறை இல்லை. குழாயை மாட்டிவிட்டு ஒரு பிளக் ஒயரைப் பிடுங்கி, துணியால் பிடித்து என்ஜின் ஓரமாகக் காட்டினேன். பொறி இல்லை. அடுத்த ஒயர், அதிலும் இல்லை. இதற்குள் அவர் சம்சாரத்தைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். பின்கதவைத் திறந்து உள்ளே படுக்க வைத்தார்கள். மருத்துவச்சி தலைமாட்டில் ஏறி உட்கார்ந்தார். குழந்தை பக்கத்து வீட்டு அம்மாவிடம் இருந்தது. கட்டில் வந்த வழியில் சொட்டியிருந்ததை நான் பார்த்தேன்.

"எடுத்துட்டியாப்பா?" என்று மருத்துவச்சி உள்ளே இருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்.

டிரைவரால் சும்மா இருக்க முடியவில்லை. நான் சொல்லாமலே சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தார். செல்ஃப் சத்தம் கம்மிப்போய் இழுக்க ஆரம்பித்தது. பேட்டரி இறங்குகிறது. "கொஞ்சம் வுடு, நான் சொன்னா மட்டும் அடி" என்று அதட்டினேன்.

பொறிக்கு வேண்டிய கரண்டை உண்டாக்குவது காயில். அதில் இருந்துதான் டிஸ்ட்ரிபியூட்டர் வழியாக பிளக்குகளுக்குப் போகவேண்டும். ஒரு தரம் செல்ஃப் அடிக்கச் சொல்லி, காதை வைத்துக் கேட்டேன். காயில் பக்கம் டிக் டிக் என்று ஒரு சத்தம். வெயிலில் ஒன்றும் தெரியவில்லை. நான் படுத்திருந்த சாக்கை எடுத்துத் தலைமேல் போட்டுக்கொண்டு, பானெட்டுக்குள் இருட்டாக்கிப் பார்த்தேன். "இப்ப அடி" என்றேன்.

காயிலின் தலையில் மூன்று பட்டைச் சந்தனம், நடுவில் குங்குமம். உள்ளே காற்றுப் படாததால் இன்னும் ஈரம் காயவில்லை. ஒயருக்குப் போகவேண்டிய கரண்ட் அந்த ஈரச் சந்தனத்தின் மேல் நீல நூல் மாதிரி ஓடி, காயிலின் உடம்பில் இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தரமும் அந்தப் பட்டைகளின் வழியாகவேதான் ஓடியது.

பானெட் திறந்திருந்ததால் டிரைவருக்கு என் முகம் தெரியவில்லை, எனக்கு அவர் முகம் தெரியவில்லை. என் துண்டால் காயில் தலையைத் துடைத்தேன். பள்ளத்தில் இருந்ததைத் துணி முனையை முறுக்கி விட்டு எடுத்தேன். ஒயரைச் செருகினேன். செல்ஃப் ஒரு முனகல் முனகி நின்றுவிட்டது. டீக்கடையில் இருந்தவர்களைக் கூப்பிட்டு ரோடு வரைக்கும் தள்ளினோம். கியரில் விட்டதும் உதறிக்கொண்டு எடுத்தது. நானும் முன்னால் ஏறிக்கொண்டேன்.

தண்டலம் தாண்டும்வரை டிரைவர் ஆக்சிலேட்டரில் இருந்த காலை எடுக்கவே இல்லை. பின்னால் மருத்துவச்சி அந்தப் பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தபடி வந்தார். தூங்காதம்மா, கண்ண தொற, பொண்ணு உன்ன மாதிரியே கீது, என்று. செம்பரம்பாக்கத்தை நெருங்கும்போது அந்தப் பேச்சு நின்றது. கொஞ்ச தூரம் போனபிறகு, "யப்பா, இனிமே வேகமா போவ வேணாம்பா" என்றார்.

டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார். என்ஜினை நிறுத்தவில்லை. ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"இன்னா கோளாறுண்ணே அது?"

"கார்புரேட்டர்ல குப்பை அடைச்சிருந்துச்சு."

"காலைலதான எல்லாத்தையும் தொடச்சு வெச்சேன்."

"உள்ள இருக்கிற குப்பை வெளிய தொடச்சாப் போவுமா? பெட்ரோல்ல வந்தது. யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

அவர் தலையை ஆட்டினார். நம்பினாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. சீக்கிரம் கிளம்பியிருந்தால் பிழைத்திருப்பாளா என்றும் தெரியாது. மருத்துவச்சியை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வண்டியைத் திருப்பி நான்தான் ஓட்டிவந்தேன்.

மறுநாள் அவர் வீட்டு வாசலில் பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். முதலாளி பத்துப் பேருக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். "பூஜையில வெச்ச சாமான எடுக்காதய்யான்னு தலப்பாடா அடிச்சிகினேன். ஒரு கற்பூரம் காட்ட எவ்ளோ நேரம் ஆவும்? கேட்டானா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வாசல்படியில் உட்கார்ந்திருந்த டிரைவரும் பார்த்தார். எனக்கு நாக்கு வரை வந்தது. ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னாலேயே வண்டி எடுக்கவில்லையே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி, அப்போ இன்னாதான் கோளாறு என்பது. சும்மா நின்றேன். அதன்பிறகு ரொம்ப நாள் டிரைவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஊரிலும் என்னால்தான் என்று ஒரு பேச்சு நிலைத்துவிட்டது. இருந்தால் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவர் தன் கையைப் பார்ப்பதைவிட என்னைப் பார்ப்பது தேவலை என்று பட்டது.

அந்தப் பெண் குழந்தை வளர்ந்து, கல்யாணமாகி, இப்போது படப்பையில் இருக்கிறாள். நம் வீட்டுக்கு வந்தால் என்னைப் பெரியப்பா என்கிறாளே, அவள்தான். இதை அவளிடம் சொல்லாதீர்கள். அவள் பிறந்த அன்று அவள் நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்றுதான் அவர் அவ்வளவு சந்தனம் கரைத்தார்.

அன்றைக்குப் பாடை கிளம்பி, கூட்டம் தெருமுனை திரும்பியதும் நான் பின்தங்கி ஷெட்டுக்கு வந்தேன். யாரும் இல்லை. பானெட்டைத் திறந்து, மிச்சமிருந்த பொட்டுகளை ஒன்று விடாமல் துடைத்தேன். அப்புறம், குப்பை அடைத்ததாக நான் சொன்ன கார்புரேட்டரைக் கழற்றிக் கீழே வைத்துப் பிரித்தேன். உள்ளே ஒரு தூசி இல்லை. கிண்ணத்தில் பெட்ரோல் ஊற்றி எல்லாவற்றையும் கழுவினேன். பெட்ரோல் வருகிற ஊசித்துளை ஜெட்டை வாயில் வைத்து ஊதினேன். திரும்பவும் பூட்டி, திருகுகளை முடுக்கினேன்.