கடல் இறக்கிவைத்த சூடு

மண்டைக்காட்டுக் கடற்கரை. இரண்டு மழைக்கு நடுவே உச்சிவெயில் அடிக்கிறது. மணல் சுட, ஓடிப்போய்க் கடலில் கால் வைக்கிறேன். ஐஸ் தண்ணீரில் வைத்ததுபோல் விறைக்கிறது. படகோரம் வலை தைக்கும் சூசை, என் வயதுக்காரர், சிரிக்கிறார்.

"குளிருதா சாரே? போன மாசம் இந்தத் தண்ணி வென்னியாட்டு கொதிச்சுக் கெடந்துது. மீனே இல்ல, வீட்டுல மரச்சீனிக் கெழங்குதான். பொறவு காத்து வந்து சூட்டையெல்லாம் வாரிட்டுப் போச்சு. இப்ப நெத்தோலி மீனு வந்தாச்சு."

"அந்தச் சூடெல்லாம் எங்க போகும்?"

வடக்கே, மலைமேல் கறுத்துக் கிடக்கும் மேகத்தைக் காட்டுகிறார். "அந்தா, மழையாட்டு நிக்குது."

நேற்று அந்த மலைப்பக்கம், திருவட்டாறில் தொப்பலாக நனைந்தபோது, வாய்க்கு வந்தபடி நான் திட்டிய மழை அது. குனிந்து, அந்தச் சில்லென்ற நீரைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொள்கிறேன்.