பிங் வந்தது, படம் வரவில்லை

நெட்வொர்க் வேலைக்கு வருகிறவன் முதலில் கற்றுக்கொள்வது, "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு" என்று சொல்வதைத்தான். எங்களைக் கூப்பிட்டுவிட்டுக் காத்திருந்து அவதிப்பட்ட உங்களுக்கு அது தெரியும்.

வேகம் கூட்டினேன்

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு ஸ்கேன் சென்டர். கீழ்த்தளத்தில் புது மெஷின். மாடியில் டாக்டர் படம் பார்க்கப் புதுக் கணினி. கணினிகள் தகவலைச் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டி அனுப்பும். அந்தப் பொட்டலத்துக்கு ஃப்ரேம் என்று பெயர். வழக்கமான ஃப்ரேமில் ஆயிரத்து ஐந்நூறு பைட் கொள்ளும். ஸ்கேன் படங்கள் பெரியவை ஆயிற்றே என்று, இரண்டு பக்கமும் அதை ஒன்பதாயிரமாக மாற்றி வைத்தேன். படம் சீக்கிரம் மாடிக்குப் போகும் என்றதும், மெஷினை இயக்கும் ஸ்டெல்லாவுக்கு ஒரே சந்தோஷம். "அப்போ டாக்டர் இனிமே மாடியிலேருந்து கத்த மாட்டார்ல சார்?"

லைன் சுத்தம்

மறுநாளே போன் வந்தது. நோயாளியின் பெயரும் வயதும் மாடிக்குப் போகின்றன, படம் மட்டும் போகவில்லை. போய் பிங் அடித்தேன். 'இருக்கிறாயா?' என்று ஒரு கணினி இன்னொன்றைக் கேட்பதுதான் பிங். 'இருக்கிறேன்' என்று உடனே பதில் வந்தது. கேபிளை மாற்றினேன். மறுபடி பிங், மறுபடி பதில்.

"லைன் சுத்தம் சார். மெஷினை இயக்குறதுலதான் ஏதோ தப்பு" என்றேன் மானேஜரிடம். ஸ்டெல்லா பக்கத்திலேயே நின்றிருந்தார். மானேஜர் அவர் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "பழைய மெஷின்லயே பழகிட்டாங்க, புதுசு வரல. நாளையிலேருந்து ரிசப்ஷன்ல உட்காரட்டும்."

சீலிங்குக்கு மேலே

புது ஆள் வந்தார். படம் அப்போதும் போகவில்லை. நான்காம் நாள் ஏணி போட்டு சீலிங் பலகையைத் தூக்கினேன். கேபிள்கள் கூடும் இடத்தில், தூசி படிந்த ஒரு பழைய சுவிட்ச்; ஒரு கேபிளில் வரும் ஃப்ரேமை வாங்கி இன்னொன்றில் அனுப்பும் பெட்டி. பெரிய ஃப்ரேம் வந்தால் மூச்சுக் காட்டாமல் தூக்கி எறிந்துவிடும் ரகம். பெயர், வயது, பிங் எல்லாம் சின்னவை, தாண்டிவிட்டன. படம் அங்கேயே நின்றுவிட்டது. அளவை மாற்றுவதற்கு முன் நடுவில் என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. பெரிய பொட்டலமாக ஒரு பிங் அடித்திருந்தால்கூட முதல் நாளே தெரிந்திருக்கும்.

அளவைப் பழையபடி வைத்ததும் படம் மாடிக்குப் போனது. தப்பு என்னுடையது, ஸ்டெல்லாவை மெஷினுக்கே அனுப்புங்கள் என்று மானேஜரிடம் கேட்டேன். "அத விடுங்க சார், புது ஆளுக்கு ஆர்டர் குடுத்தாச்சு. இப்போ வேலை நடக்குதுல்ல?"

பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்

சில வாரம் கழித்து அந்த பஸ் ஸ்டாப்பில் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். ரிசப்ஷனை விட்டுவிட்டு வேறு சென்டர்களில் வேலை தேடிக்கொண்டிருந்தார். நடந்ததை முழுக்கச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பொறுமையாகக் கேட்டார். அவர் போக வேண்டிய பஸ் வந்துவிட்டது. "ஏன் அங்கேருந்து வந்தீங்கன்னு நேத்து இன்டர்வியூல கேட்டாங்க சார். சுவிட்ச் பழசு, ஃப்ரேம் பெருசுன்னா யார் நம்புவாங்க? வீட்டுல பிரச்சினைன்னு சொல்லிட்டேன்."

இப்போதெல்லாம் எந்த இடத்துக்குப் போனாலும், 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்று சொல்வதற்கு எனக்குத்தான் ரொம்ப நேரம் பிடிக்கிறது.