எல்லாருக்கும் பி.பி.

நாலு பேருக்கு நடுவில் எனக்குப் பேச வராது. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். படித்தது ஐந்தாம் வகுப்பு. சுவர் முழுக்கச் சான்றிதழ் மாட்டி வைத்திருப்பவர்களுக்கு நம்மைவிட நிறையத் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கையில்தான் அந்த வேலையில் சேர்ந்தேன்.

தில்லை நகரில் ஒரு குறுக்குத் தெரு. பல் ஆஸ்பத்திரிக்கும் ஸ்கேன் சென்டருக்கும் இடையில் ஒரு மாடி வீடு. மற்ற பள்ளிக்கூடங்கள் எங்களால் முடியாது என்று திருப்பி அனுப்பிய வளர்ந்த பிள்ளைகள் அங்கே வருவார்கள். படிப்பு ஏறாதவர்கள், சத்தம் கேட்டால் கலங்கிப் போகிறவர்கள், கோபம் வந்தால் சுவரில் முட்டிக்கொள்கிறவர்கள். பலகையில் பள்ளி என்று இருக்காது, ‘மாற்றுக் கற்றல் மையம்’ என்று இருக்கும். எதற்கு மாற்று என்று நான் கேட்டதில்லை. நான் ஆயா. ஸ்ரீரங்கத்திலிருந்து காலையில் பஸ் பிடித்து வந்து கூட்டித் துடைத்து, டீச்சர்களுக்குப் பதினோரு மணிக்கு டீ போட்டு, மூன்று மணிக்குப் பிள்ளைகளை வேனில் ஏற்றிவிடுவது என் வேலை.

மையத்தை நடத்துகிற மேடம் எல்லாரையும் ‘குழந்தைங்களா’ என்றுதான் கூப்பிடுவார். மீசை முளைத்த பையன்களை வட்டமாக உட்காரவைத்துக் கைதட்டிப் பாடச் சொல்வார். அதில் ஒருவன் ஒருமுறை என்னைப் பார்த்தான். தெரியாதவர்கள் கல்யாணத்தில் போட்டோவுக்கு நிற்க மாட்டிக்கொண்டவன் முகம் அது. வருடத்துக்கு ஒருமுறை கண்காட்சி நடக்கும். காகிதப் பைகளை முந்தின வாரம் முழுக்க நானும் வேன் டிரைவரும் உட்கார்ந்து ஒட்டுவோம். மேலே ‘எங்கள் குழந்தைகள் கையால் செய்தது’ என்று சீட்டு ஒட்டுவார்கள். டிரைவருக்கு ஐம்பத்தெட்டு வயது. அந்தச் சீட்டை ஒட்டும்போதெல்லாம், “ஆயாம்மா, இன்னிக்கு நாம குழந்தைங்க” என்பார். வந்தவர்கள் பையைத் தொட்டுப் பார்த்துக் கண்கலங்கிப் போவார்கள். பிள்ளைகள் தாங்களே ஒட்டிய பைகள் கோணலாக இருக்கும். அவை மேசைக்கு அடியில் கிடக்கும்.

சேர்ந்த புதிதில் டீச்சர்கள் பேசுவதைக் கேட்டு நான் பயந்துபோயிருந்தேன். இவனுக்குப் பி.பி., அவளுக்கும் பி.பி. என்று நாளெல்லாம் சொல்வார்கள். பதினைந்து பதினாறு வயதில் இத்தனை பேருக்கு ரத்தக்கொதிப்பா என்று என் சாப்பாட்டில்கூட உப்பைக் குறைத்தேன். அப்புறம்தான் விளங்கிற்று. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாள் உண்டு. பல் தேய்ப்பது, சட்டைப் பொத்தான் போடுவது, டீ போடுவது என்று வரிசையாக எழுதி, எதிரே கட்டம் போட்டிருப்பார்கள். தானாகச் செய்தால் ‘ஐ’. வாயால் சொன்ன பிறகு செய்தால் ‘வி.பி.’. கையைப் பிடித்துச் செய்யவைத்தால் ‘பி.பி.’. ‘ஐ’ போட்டால் அது எப்போது, எப்படி நடந்தது என்று பக்கத்தில் நாலு வரி எழுத வேண்டும். பி.பி. போட்டால் எழுத வேண்டாம். ஆகவே எல்லாருக்கும் பி.பி. சட்டையைத் தானே மடித்து வைத்துக்கொள்கிற பையனுக்கும் பி.பி.தான்.

அங்கே வந்தவர்களில் ஒரு பெண், பதினாறு வயது. மன்னார்புரத்திலிருந்து வருவாள். அப்பா இல்லை, அம்மா ஓர் ஆபீசில் வேலை. அவளுக்குக் கைதட்டல் சத்தம் ஆகாது. பாட்டு ஆரம்பித்ததும் காதைப் பொத்திக்கொண்டு கத்துவாள். கத்துகிறாள் என்று எழுதினார்களே தவிர, கைதட்டலை நிறுத்தலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரு மழை நாளில் அவள் வகுப்பிலிருந்து எழுந்து நேராக என் சமையலறைக்கு வந்து மூலையில் நின்றாள். அங்கே கத்தவில்லை. நானும் பேசுகிறவள் இல்லை, அவளும் இல்லை. இரண்டு பேருக்கும் அது தோதாக இருந்தது.

நாலைந்து நாள் நான் டீ போடுவதை நின்று பார்த்தாள். பிறகு ஒரு நாள், “தள்ளுங்க” என்றாள். தள்ளி நின்றேன். பாலையும் தண்ணீரையும் கலந்து வைத்து, கொதி வந்ததும் தூளைப் போட்டு, பொங்கி வரும்போது தீயைக் குறைத்து, மறுபடி பொங்கவிட்டு வடிகட்டினாள். நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். அம்மா போடுவதை வீட்டில் பார்த்திருப்பாள். எனக்கு ஒன்றரை ஸ்பூன் சர்க்கரை என்பதையும் பார்த்து வைத்திருந்தாள். அன்றிலிருந்து பதினோரு மணி டீ அவள் போட்டது. டீச்சர்கள் குடித்துவிட்டு என்னைப் பாராட்டினார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன். பிள்ளைகளை அடுப்புப் பக்கம் விடக் கூடாது என்பது அங்கே சட்டம். வேலை போய்விடுமே என்ற பயம் எனக்கு. மற்றவர்களைப் பற்றி இவ்வளவு எழுதுகிற நான் அந்த லட்சணத்தில்தான் இருந்தேன்.

தை பிறந்ததும் ஒரு சிக்கல் வந்தது. மூன்றரை மணிக்கு வேன் அவளை வீட்டில் விட்டால், அம்மா வர ஆறரை ஆகும். அதுவரை பார்த்துக்கொண்டிருந்த கீழ்வீட்டு அம்மாள் மகனோடு பெங்களூருக்குப் போய்விட்டார். மூன்று மணி நேரம் தனியாக இருக்க முடியுமா என்று அந்தத் தாய் மேடத்திடம் கேட்டார். சென்னையிலிருந்து சோதிக்கிற சார் வருவார், அவர் சொல்லட்டும் என்று மேடம் சொன்னார். முடியாது என்றால் மருங்காபுரி தாண்டி ஒரு விடுதி இருக்கிறதாம். அதன் நோட்டீஸ் மேசையில் இருந்தது. தென்னந்தோப்பு, ஊஞ்சல், மயில். என் நாத்தனாரைக் கொடுத்த ஊர் அந்தப் பக்கம். அங்கே நான் பார்த்தது கருவேல மரமும் காய்ந்த கண்மாயும்தான். மயில் உண்டு, அது மட்டும் பொய்யில்லை.

சார் வந்தார். அடுப்பு ஆபத்தல்லவா, அதனால் அட்டையில் அடுப்பு வரைந்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் பிளாஸ்டிக் கெட்டில். டீ போட்டுக் காட்டச் சொன்னார். அவள் அட்டையைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் பார்த்தாள்.

“அடுப்பு எங்க?” என்றாள்.

இதுதான் அடுப்பு என்று வைத்துக்கொள் என்றார். அவள் வைத்துக்கொள்ளவில்லை. சார் எழுதிக்கொண்டார்.

அப்புறம் படச் சீட்டுகள். டீ போடுகிற வரிசையில் அடுக்க வேண்டும். அதில் ஒரு சீட்டில் நூல் கட்டிய சின்னப் பொட்டலம். பல்வலிக்கு ஒத்தடம் கொடுக்கிற உப்புப் பொட்டலம் என்றுதான் துடைத்துக்கொண்டிருந்த நானும் நினைத்தேன். அவள் அதைத் தனியாக ஒதுக்கிவிட்டு, பால் சீட்டை முதலில் வைத்தாள். தப்பாம். அந்தப் பொட்டலத்துக்குள் டீத்தூளாம். முதலில் கோப்பை, பிறகு பொட்டலம், பிறகு வெந்நீர், பால் கடைசியில். எந்த ஊரில் யார் வீட்டில் அப்படிப் போடுகிறார்களோ. அந்தச் சாருடைய அம்மாவே அப்படிப் போட்டிருக்க மாட்டார். அவள் எழுந்து வெளியே போனாள். அதையும் எழுதிக்கொண்டார்.

மதியம் தாய் வந்தார். மேடம், சார், தாய் மூன்று பேரும் அறையில். கதவு திறந்திருந்ததால் எனக்கு எல்லாம் கேட்டது. ஆபத்து எது என்ற உணர்வு குழந்தைக்கு இல்லை, கேஸ் அடுப்பு இருக்கிற வீட்டில் தனியாக விடவே கூடாது என்று சார் சொன்னார். மேடம் நோட்டீஸை நகர்த்தி வைத்தார். தாய் கைப்பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“ஆயாம்மா, மூணு டீ” என்று மேடம் குரல் கொடுத்தார்.

சமையலறைக்குப் போனால் அவள் ஏற்கெனவே அங்கே நிற்கிறாள். “தள்ளுங்க.” அன்றைக்காவது நான் தடுத்திருக்க வேண்டும், பக்கத்து அறையில் அத்தனை பேர். தடுக்கவில்லை. டீயை ஊற்றி இரண்டு கோப்பையைச் சேர்த்து வைத்து, மூன்றாவதைத் தட்டின் மறு ஓரத்தில் தனியாக வைத்தாள். “இது அம்மாவுக்கு” என்றாள்.

கொண்டுபோய் வைத்தேன். சார் குடித்துவிட்டு டீ பிரமாதம் என்றார். எங்கள் ஆயாம்மா கைப்பக்குவம் அப்படி என்றார் மேடம். தாய் ஒரு வாய் குடித்தார். கோப்பைக்குள் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“சர்க்கரை போடலையே. நான் போட்டுக்க மாட்டேன்னு உங்ககிட்ட யாரு சொன்னா?”

மூன்று பேரும் என்னைப் பார்க்கிறார்கள். ஒன்றும் சொல்லாமல் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடலாம். இத்தனை மாதம் அப்படித்தானே போயிருக்கிறேன். நோட்டீஸில் இருந்த மயில் கண்ணில் பட்டது.

“நான் போடலைங்க. உங்க பொண்ணு போட்டது.”

மேடம் கோப்பையைக் கீழே வைத்தார். “கேஸ் அடுப்புலயா? யாரைக் கேட்டு விட்டீங்க?”

சாருக்கு அந்தக் கவலை இல்லை, அவர் தாளைப் புரட்டினார். பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சொன்னேனா, கையைப் பிடித்தேனா என்று கேட்டார்.

“இல்லைங்க. என்னைத் தள்ளுங்கன்னு சொல்லிடுச்சு.”

அந்தத் தாய் எழுந்து சமையலறை வாசலுக்குப் போனார். அவள் வடிகட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். தாய் நிதானமாகத்தான் கேட்டார்.

“கேஸை மூடிட்டியா?”

“மூடியாச்சு. கீழயும்.”

நான் குனிந்து பார்த்தேன். அடுப்புத் திருகு மட்டுமல்ல, கீழே சிலிண்டரின் திருகும் மூடியிருந்தது. இத்தனை வருடமாக அடுப்படியில் நிற்கிற நான் அதை மூடியதில்லை. வீட்டிலும் கிடையாது. ஆபத்து தெரியாது என்று எழுதிய சார் தன் கோப்பையில் மீதி இருந்ததைக் குடித்துக்கொண்டிருந்தார்.

தாய் விடுதிக்கான தாள் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. நாளையிலிருந்து மூன்றரைக்கு வீட்டில் விட்டால் போதும், சாவி அவள் கையில் இருக்கும் என்றார். மேடம் பொறுப்பு, பாதுகாப்பு என்று என்னென்னவோ சொன்னார். அந்தத் தாய் அதைக் கேட்டபடியே டீயை முழுக்கக் குடித்து முடித்தார், பிறகு பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் சமையலறைக்குப் பூட்டு வந்தது. இப்போது டீ மூலைக் கடையிலிருந்து பிளாஸ்கில் வருகிறது. பாத்திரம் தேய்த்த தண்ணீர் தேவலாம். என்னைக் கழிவறைக்கும் வேனுக்கும் மாற்றிவிட்டார்கள். துரத்தவில்லை. அந்த வேலைக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை என்பதைத் தவிர அதில் பெருந்தன்மை ஒன்றும் இல்லை. ஒரு நாள் மேசையைத் துடைக்கும்போது அவளுடைய தாளைப் பார்த்தேன். டீ போடுதல் என்பதற்கு எதிரே ‘பி.பி.’ என்றே இருந்தது. பக்கத்தில் சின்ன எழுத்தில், ஆயா உடன் இருந்தார் என்று போட்டிருந்தது. எனக்கு அங்கே கிடைத்த சான்றிதழ் அதுதான்.

அவள் இப்போதும் வருகிறாள். கைதட்டல் இப்போதும் நடக்கிறது. வீட்டில் மூன்று மணி நேரம் தனியாக இருக்கிறாள், ஒன்றும் ஆகவில்லை. ஆறரைக்கு அம்மா வரும்போது டீ சூடாக இருக்குமாம். அந்த அம்மாள் ஒரு நாள் வாசலில் என்னை நிறுத்திச் சொன்னார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

காலையில் வேனிலிருந்து இறங்கும்போது அவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்பாள்.

“கீழ மூடினீங்களா?”

என் வீட்டு சிலிண்டரைத்தான் கேட்கிறாள். மூடிவிட்டேன் என்று முதலில் சில நாள் பொய் சொன்னேன். நம்பாமல் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். இப்போதெல்லாம் பஸ் காவிரிப் பாலத்தை நெருங்கும்போதே, மூடினேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடுகிறது. போன செவ்வாய்க்கிழமை மாம்பழச்சாலையில் இறங்கித் திரும்பிப் போய் மூடிவிட்டு வந்தேன். தாமதமாக வந்ததற்கு மேடம் என்னவோ சொன்னார். என்ன சொன்னார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.