பதினோராம் நம்பர் சாப்பிட மறுத்தபோது

“வாங்க சார், பயப்படாம ஒக்காருங்க.” சவுரிராயன் இப்படிக் கூப்பிட்டால் கூண்டிலிருந்து வருவது ஒரு வெள்ளை முயல். துண்டில் சுற்றி மடியில் வைத்து, டாக்டர் ரத்தம் எடுத்து முடிக்கும்வரை நெற்றியைத் தடவிக்கொண்டே இருப்பார். வானூரில் அவர் வீட்டு ஆடுகளுக்கு இந்த மரியாதை கிடையாது. அவற்றுக்கு வெறும் “ஏய், போ” தான்.

திண்டிவனத்துக்கு வெளியே ஓர் ஆய்வுக்கூடத்தில் விலங்குகளைப் பார்த்துக்கொள்கிறார். வயது ஐம்பத்திரண்டு. எச்.ஐ.வி.க்கு எதிரான டிஎன்ஏ தடுப்பூசியை அங்கே பன்னிரண்டு முயல்களிடம் சோதிக்கிறார்கள். நோய் ஒட்டிக்கொள்ளுமோ என்று டீக்கடையில் யாராவது அவரைவிட்டுத் தள்ளி உட்கார்ந்தால் விழுந்து விழுந்து சிரிப்பார். “ஊசிக்குள்ள திருடன் யாரும் இல்லப்பா. அவன் அங்க அடையாளத்த மட்டும் ஒடம்புக்குச் சொல்லி வெக்கிறோம். நாளைக்கு வந்தான்னா புடிச்சிக்கும்.” ஆய்வை நடத்தும் டாக்டர் கலைமதி, கூடத்தைப் பார்க்கப் போன எனக்கு அரைமணி நேரம் படம் வரைந்து சொன்னதும் இதைத்தான்.

ஆறு முயல்களுக்குத் தடுப்பூசி, மற்ற ஆறுக்கு வெறும் உப்புத் தண்ணீர். எதற்கு எது என்பது ஒட்டிய உறைக்குள் இருக்கிறது, கலைமதிக்கே தெரியாது. கடைசி ரத்தம் எடுக்க இரண்டு நாள் இருக்கையில் பதினோராம் நம்பர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. ஒன்று குறைந்தாலும் ஒப்பீடு ஆட்டம் கண்டுவிடும். ஐந்து வருட உழைப்பு! கால்நடை மருத்துவர் மருந்து கொடுத்துவிட்டு, இனி அதுவாகத் தின்றால்தான் உண்டு என்று சொல்லிப் போனார்.

சவுரிராயன் நிலத்தில் மல்லாட்டைக் கொடி, அதாவது நிலக்கடலைக் கொடி, பச்சைப்பசேலென்று கிடந்தது. முயலுக்கு அது என்றால் உயிர். ஆனால் வெளித்தீவனம் ஓர் இலைகூட உள்ளே வரக்கூடாது. மனிதர் தவித்துப்போனார். வழக்கமான தீவனத்தையே தண்ணீரில் ஊறவைத்து, விரல் நுனியில் எடுத்து நீட்டிக்கொண்டு நாள் முழுக்கக் கூண்டருகே உட்கார்ந்திருந்தார். “ஒரு வாய் சாப்புடுங்க. டாக்டரம்மா பேஜாராயிக்கினு நிக்கிறாங்க பாருங்க.” மறுநாள் காலை அது தீவனத்தை விரலோடு சேர்த்துக் கடித்தது. கடிபட்ட விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வராந்தா முழுக்க ஓடினார். “டாக்டரம்மா, கடிச்சிட்டாரு! கடிச்சிட்டாரு!”

உறையைப் பிரித்த அன்று நானும் போயிருந்தேன். தடுப்பூசி போட்ட ஆறு முயல்களின் ரத்தத்திலும் எதிர்ப்புச் சக்தி நன்றாக ஏறியிருந்தது. மனிதர்களிடம் வந்து சேர இன்னும் வெகுதூரம் போகவேண்டும் என்றார் கலைமதி. சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

பதினோராம் நம்பருக்குப் போட்டது உப்புத் தண்ணீர். “இதுக்கா அண்ணே கடி வாங்குனீங்க?” என்று சீண்டினார் ஆய்வு மாணவி மெர்லின்.

“இந்த ஆறு பேரு ஒழுங்கா நின்னாத்தானம்மா அந்த ஆறு பேரு ஜெயிச்சது தெரியும்?”

ஜெயித்த முயல்களோடு எல்லோரும் போட்டோவுக்கு நின்றார்கள். நான் கைபேசியை உயர்த்தினேன். “இருங்க சார், ஜல்தியா வந்துடறேன்” என்று போன சவுரிராயன், பதினோராம் நம்பரை அணைத்துத் தூக்கிவந்து சரியாக நடுவில் நின்றார். பிறகு அதன் வாயோரம் ஒட்டியிருந்த தீவனத் தூளைத் தன் கோட்டு நுனியால் துடைத்துவிட்டார்.