மூன்றாம் ஸ்டேஷன், இரவு 2.00

என் வலது கையில் மூன்று விரல்கள் இப்போது மடங்காது. எக்ஸ்ரே இருக்கிறது. கட்டுப் போட்ட டாக்டரின் சீட்டும் இருக்கிறது. இதைக் கதை என்று சொல்கிறவர்களிடம் நான் சண்டைக்குப் போவதில்லை. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், கேளுங்கள்.

என் பெயர் ஸ்ரீமதி. ஒரு வெளியூர்ப் பல்கலைக்கழகத்தின் கடல் ஆராய்ச்சி மாணவி. எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள். டெல்லிப் பணத்தில் நடக்கும் மூன்று வருஷப் பிராஜெக்ட் ஒன்றில் எனக்கு வேலை. கடலூர் முதுநகர்ப் பக்கம், உப்பனாறு கடலில் சேரும் இடத்தில், தண்ணீரில் உப்பு எப்படி ஏறி இறங்குகிறது என்று அளக்க வேண்டும். அமாவாசைதோறும், இருபத்து நான்கு மணி நேரமும், மணிக்கொரு தடவை படகில் போய் மூன்று இடங்களில் அளக்க வேண்டும். அந்த இடங்களுக்கு ஸ்டேஷன் என்று பெயர். மூன்றாம் ஸ்டேஷன் முகத்துவாரத்தை ஒட்டியது. அங்கே ஆற்றுக்குள் ஓர் இரும்புக் கம்பம் நிற்கும். அதில் படகைக் கட்டிக்கொண்டு அளப்போம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் யாரும் முழு இரவு அளந்ததே இல்லை. எட்டு மணி ரீடிங்கோடு கரையேறிவிடுவோம். நான் சிதம்பரத்துக்கு பஸ் பிடித்து, என் அறையில் சாப்பிட்டுவிட்டு, நோட்டில் ராத்திரிக் கட்டங்களை எல்லாம் உத்தேசமாக நிரப்புவேன். "மேசை ரீடிங்" என்று அதற்குச் செல்லப் பெயர்கூட உண்டு. கடைசியில் 'பிற குறிப்புகள்' என்று ஒரு கட்டம். அதில் எப்போதும் ஒரே வரிதான் எழுதுவேன்: 'அமைதி. வேறு படகு இல்லை. எதுவும் காணப்படவில்லை.' ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எங்கள் சுரைக்காய் இரண்டு வருஷம் நன்றாகவே வெந்தது.

மூன்றாம் வருஷப் பணம் வரவில்லை. ஏழு மாதமாக எனக்கு உதவித்தொகை இல்லை. ஒவ்வொரு ரீடிங்குக்கும் நேரமும் இடமும் பதிந்த போட்டோ வேண்டும் என்று டெல்லிக் கமிட்டி கேட்டிருந்தது. கொடுக்காவிட்டால் பிராஜெக்ட் மூடப்படும். என் பட்டமும் அதோடு போகும். பேராசிரியர் ஞானசேகரன் சார் கூப்பிட்டார்.

"இந்த ஒரு தடவ நெஜமாவே எடுத்துடும்மா."

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

2025 பிப்ரவரி 27, மாசி அமாவாசை. சுடுகாட்டில் மயானக்கொள்ளைத் திருவிழா நடக்கும் நாள். படகோட்டி பாண்டியன் அண்ணன். பக்கத்து மீனவர் குப்பத்துக்காரர். முதல் வருஷத்திலிருந்து எங்களுக்குப் படகு ஓட்டுகிறவர்.

"மயானக்கொள்ள நேரம் மேடம். எட்டு மணியோட நிறுத்திக்கலாமே?"

"பணம் வரணும்ணே. உங்க கூலி பாக்கியும் அதுலதான் இருக்கு."

"சரி... மூணாவது ஸ்டேசன் மட்டும் ரெண்டு மணிக்கு வேணாம்."

"ஏன்?"

"வேணாம்னா வேணாம். அவ்ளோதான்."

நான் அவர் பேச்சைக் கேட்கவில்லை. பயத்தைவிட எனக்குப் பட்டம் பெரிதாக இருந்தது.

பதினொரு மணி ரீடிங்கில் எதுவும் இல்லை. 12.10-க்கு மூன்றாம் ஸ்டேஷன் கம்பத்தில் படகைக் கட்டப் போனபோது, அங்கே ஏற்கெனவே ஒரு கயிறு கட்டியிருந்தது. ஈரக் கயிறு. நுனி அறுந்திருந்தது. பாண்டியன் அண்ணனிடம் காட்டுவதற்காக டார்ச்சைத் திருப்பினேன். கம்பத்தில் கயிறு இல்லை.

1.06. பாட்டிலில் எடுத்த தண்ணீரை உப்புக் கருவியின் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டுக் கண்ணை வைத்துப் பார்த்தேன். உள்ளே முழுக்கச் சிவப்பாக இருந்தது. முகர்ந்தேன். துருப்பிடித்த ஆணியை நாக்கில் வைத்த மாதிரி ஒரு வாடை. துடைத்துவிட்டு மறுபடி அளந்தேன். சரியாக வந்தது. போட்டோ எடுத்தேன். என் கைக்கடிகாரத்தில் 1.06. போட்டோவில் பதிந்த நேரம் 2.00.

போன் கோளாறு என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த தடவை பாண்டியன் அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். கம்பத்தில் கட்டினோம். மணி 1.58. கழுத்தில் தொங்கிய போனை எடுத்துத் தயாராக வைத்தேன்.

இஞ்சின் தானாக நின்றது.

காற்றும் நின்றது...

2.00.

டொப்.

மரத்தால் இரும்பில் அடிக்கும் சத்தம். படகு அதிர்ந்தது.

டொப்... டொப்...

படகின் விளிம்பை யாரோ வெளியிலிருந்து பிடித்தார்கள். நான்கு விரல்கள். நகங்கள் பிய்ந்திருந்தன. படகு அந்தப் பக்கம் சாய்ந்தது.

"அண்ணே...!"

பாண்டியன் அண்ணன் எழுந்து நின்றார். கையில் துடுப்பு. என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் என்னைத் தெரிந்த அடையாளமே இல்லை.

ஓங்கினார்.

விளிம்பில் இருந்தது என் கை.

எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. அடுத்த அடி தோளில். அதற்கடுத்தது மண்டையில். தண்ணீருக்குள் விழுந்தேன். வாய் நிறைய உப்பும் இரத்தமும். கம்பம் கையில் தட்டுப்பட்டது. கட்டிக்கொண்டேன்.

கம்பத்தைப் பிடித்த விரல்கள்மேல் விழுந்தது அடி.

டொப்.

மறுபடி...

டொப்.

அப்போதுதான் பார்த்தேன். பத்தடி தூரத்தில் இன்னொரு படகு.

அதில் ஒரு பெண். ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட். தலையில் கட்டிய டார்ச். மடியில் நோட்டு. எழுதிக்கொண்டிருந்தாள்.

கத்தினேன்.

என் தொண்டையிலிருந்து ஓர் ஆணின் குரல் வந்தது.

"மேடம்! மேடம்...! காப்பாத்துங்க மேடம்!"

அவள் தலையைத் தூக்கினாள்.

நான்தான்.

நேராக என்னைப் பார்த்தாள்... பிறகு குனிந்தாள்... ஒரு வரி எழுதினாள்.

டொப்.

கண் விழித்தபோது மணி 2.40. கரைமணலில் கிடந்தேன். பாண்டியன் அண்ணன் நனைந்துபோய் அழுதுகொண்டிருந்தார்.

"நீங்களா தண்ணியில குதிச்சிட்டீங்க மேடம். கம்பத்துல கைய கைய அடிச்சிக்கினீங்க. புடிச்சி இழுக்க முடியல."

"நீங்கதான துடுப்பால..."

"துடுப்பா? இன்னிக்கி துடுப்பே எடுத்தாரல மேடம். அது வீட்ல கெடக்குது."

கடலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரண்டாம் நாள் ஞானசேகரன் சார் போன் செய்தார். போட்டோக்கள் தானாக ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டனவாம்.

"ரெண்டு மணி போட்டோ பிரமாதம்மா. நீ படகுல உக்காந்து எழுதற. தண்ணி மட்டத்துலேர்ந்து எடுத்திருக்கு. யாரு எடுத்தா? இது போதும், பணம் வந்துடும்."

நான் போனை வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் பாண்டியன் அண்ணன் ஒரு பெண்ணை அழைத்து வந்தார். பெயர் பொன்னி. அண்ணனின் குப்பத்தைச் சேர்ந்தவள். அண்ணன் தலை நிமிராமல் வாசலிலேயே நின்றுகொண்டார்.

பொன்னியின் கணவர் ராஜமாணிக்கம். இரண்டு வருஷத்துக்கு முன்னால், மாசி அமாவாசை ராத்திரி, வலைத் தகராறில் மூன்று பேர் அவரைத் துரத்திப்போய் ஆற்றில் அடித்துக் கொன்றார்கள் என்பது அவள் புகார். மூன்று நாள் கழித்து உடல் ஒதுங்கியது. பத்து விரலும் உடைந்திருந்தன. பாறையில் மோதியது என்று சொல்லிப் போலீஸார் வழக்கை முடித்துவிட்டார்கள். முடித்ததற்கான காகிதத்தை அவள் என் மடியில் வைத்தாள். அந்த நேரத்தில், அந்தக் கம்பத்துப் பக்கம், ஓர் ஆராய்ச்சிப் படகு இருந்ததாகவும் அதிலிருந்தவர் எதையும் காணவில்லை என்றும் அதில் இருந்தது. பின்னால் என் நோட்டின் நகல். 2023 பிப்ரவரி 20 அமாவாசை, இரவு 2.00. போலீஸுக்கு சார் கொடுத்திருக்கிறார். என்னிடம் யாரும் கேட்கவில்லை. அன்றும் எட்டு மணிக்கே கரையேறிவிட்டோம் என்று தெரிந்தும், வேலை போய்விடும் என்று பாண்டியன் அண்ணனும் வாய் திறக்கவில்லை.

சொன்னால் பிராஜெக்ட் போகும், பட்டம் போகும். போகட்டும் என்று தோன்றியது.

"நான் அங்க இல்லம்மா," என்றேன். "பொய்யா எழுதினேன். எங்க வேணாலும் வந்து சொல்றேன். அன்னிக்கு ராத்திரி நான் சிதம்பரத்துல இருந்தேன்."

பொன்னி என்னை வெறித்துப் பார்த்தாள்.

"இல்லன்னு சொல்லாதீங்க. ஒண்ணு அம்பத்தெட்டுக்கு எனக்கு போன் பண்ணாரு. 'மூணு பேரு தொரத்திகினு வரானுங்க. நீ பயப்படாத. தோ, கம்பத்தாண்ட ஒரு மேடம் படகுல உக்காந்து எழுதிகினு இருக்காங்க. அவுங்ககிட்ட போயிட்றேன்'னாரு."