விசிலக்காவின் வகுப்பு

அவளுக்குப் பேருந்தில் கண்டக்டர் வேலை. அவள் விசில் அடித்தால் நாலு தெருவுக்குக் கேட்கும். டிரைவர்கள் காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். பணிமனையில் பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் அவள் விசிலக்காதான். கூட்ட நெரிசலில் கம்பியைப் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழிப்பாள். பேச்சில் அவளை யாரும் ஜெயித்ததில்லை. ஆனால் மகள் பிறந்தபோது அந்த வாய் அடைத்துப்போனது.

குழந்தையின் இடதுகால் வலதுகாலைவிடப் பருமனாக இருந்தது. பாதத்தின் மேல்புறம் பன் மாதிரி உப்பியிருந்தது. நாற்பத்தைந்தாவது நாள் தூக்கிக்கொண்டு போய் ஒரு குழந்தைகள் டாக்டரிடம் காட்டினாள். அவர் காலைத் தொடக்கூட இல்லை.

"குழந்தைன்னா கொழுகொழுன்னுதாம்மா இருக்கும். வளர வளர வத்திடும். அடுத்தவங்களை வரச் சொல்லுங்க."

குழந்தை வளர்ந்தது, கூடவே காலும் வளர்ந்தது. யாரோ சொன்னார்கள் என்று எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்த்தார்கள். வீக்கம் கூடியதுதான் மிச்சம். ஒரு காலுக்கு ஒரு அளவு, இன்னொரு காலுக்கு இன்னொரு அளவு என்று செருப்பு இரண்டு ஜோடி வாங்கினாள். மூன்று வயதில் ஒருநாள் கால் செக்கச்செவேலென்று சிவந்து, காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. வேலை உடுப்போடு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

காய்ச்சல் இறங்கிய பிறகு அங்கிருந்த பிசியோதெரபி அம்மாள் வந்து கட்டிலோரம் உட்கார்ந்தார். குழந்தையின் இரண்டாவது கால்விரலின் மேல்தோலைக் கிள்ளிப் பார்த்தார். தோல் பிடிபடவில்லை.

"இது கொழுப்பு இல்லம்மா. உடம்புல நிணநீர்னு ஒண்ணு ஓடுது. இவளுக்கு இந்தக் கால்ல அது போற வழி பிறவியிலயே சரியா அமையல. அதனால தேங்குது."

"குணமாயிடுமா?"

"முழுசா மாறாது. ஆனா கட்டுப்பாட்டுல வச்சுக்கலாம். ஓடலாம், ஆடலாம், பள்ளிக்கூடம் போகலாம். நீங்க கத்துக்கணும்."

மூன்று வருஷத்தில் முதல்முறையாக ஒருவர் வீக்கத்துக்குக் காரணம் சொன்னார். விசிலக்கா வராந்தாவில் போய் அழுது தீர்த்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து, "எப்பச் சொல்லிக்கொடுக்கறீங்க?" என்று கேட்டாள்.

தோல் வெடிக்காமல் களிம்பு பூசுவது, இறகால் வருடுகிற மாதிரி தோலை லேசாக நகர்த்திவிடுவது, விரல்களில் மெல்லிய துணி சுற்றுவது, அதற்குமேல் பஞ்சுப் பட்டை, அதற்குமேல் அதிகம் இழுபடாத பேண்டேஜ் என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டாள். பழக வைத்திருந்த ரப்பர் காலில் எல்லாம் அழகாக வந்தது. மகளிடம்தான் ஒன்றும் நடக்கவில்லை. அவள் கட்டிக்கொண்டிருக்கும்போதே பாதியில் எழுந்து ஓடுவாள். பேண்டேஜ் வாலாகப் பின்னால் இழுபடும். ஒரு வாரம் தாயும் மகளும் சேர்ந்து அழுதார்கள். எட்டாம் நாள், விசிலக்கா விரல்களைத் தொட்டு, "டிப்போ! வண்டி கிளம்பப் போகுது, ஏறுறவங்க ஏறுங்க!" என்று வேலைக் குரலில் கூவினாள். குழந்தை அசையாமல் உட்கார்ந்தது. குதிகால் மார்க்கெட் ஆயிற்று, முழங்கால் பாலம் ஆயிற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் மகளே ஸ்டாப் பெயர் சொன்னாள். தொடை வந்ததும், "கடைசி ஸ்டாப், எல்லாரும் இறங்குங்க!" என்று கத்தினாள்.

அன்று முதல் தினமும் அதே வண்டிதான்.

மகளுக்கு ஏழு வயதானபோது பிசியோ அம்மாள் கூப்பிட்டார். சுற்றுவட்டார ஆஸ்பத்திரிகளிலிருந்து பன்னிரண்டு பேர் பயிற்சிக்கு வருகிறார்கள். டாக்டர்கள், நர்ஸ்கள், பிசியோக்கள்.

"ரப்பர் காலுக்கு நல்லாத்தான் சுத்துறாங்க. ரப்பர் கால் உதைக்காதே! நீங்க ரெண்டு பேரும் வந்து ஒருநாள் காட்டுங்க."

"படிச்சவங்களுக்கு நான் என்னத்தைக் காட்டுறது?"

"அவங்க படிக்காததை."

விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். நீளமான அறை, மடக்கு நாற்காலிகள், மேசை நிறைய பேண்டேஜ் சுருள்கள். தயக்கமெல்லாம் வாசல்வரைதான். "முன்னாடி இடம் இருக்கு, நெருங்கி வாங்க, நெருங்கி வாங்க!" என்றதும் பன்னிரண்டு பேரும் நாற்காலியை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தார்கள்.

"விரல்தான் டிப்போ. அங்கதான் நெரிசல் இருக்கணும். மேல போகப் போகக் காத்தாடணும். மேல இறுக்கிட்டு கீழ தளர்த்தினா, தண்ணி கீழயே நின்னுடும். விரல் நிறம் மாறினா அவிழ்த்துடணும், யோசிக்கவே கூடாது."

மகள் ராணி மாதிரி மேசைமேல் உட்கார்ந்து மார்க் போட்டாள். ஒரு நர்ஸுக்கு எட்டு. ஒரு பிசியோவுக்கு நாலு. பின்வரிசையிலிருந்து நரைத்த தலைமுடியோடு ஒருவர் வந்து சுற்றினார். கட்டு முட்டிக்கு வருமுன்பே கணுக்காலில் சரிந்து விழுந்தது. "பூஜ்யம்," என்றாள் மகள். அறையே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே, "அடுத்தவங்களை வரச் சொல்லுங்க," என்றார்.

விசிலக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அந்தக் குரல். அதே வார்த்தைகள்.

அப்போது ஒரு நர்ஸ், "எப்பக்கா கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டாள். விசிலக்கா நடந்ததைச் சொன்னாள். யாரையும் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னாள். நாற்பத்தைந்து நாள், கொழுகொழு, எண்ணெய், காய்ச்சல். சொல்லி முடித்தபோது நரைத்தலை டாக்டர் கையிலிருந்த சுருளை மேசைமேல் வைத்தார்.

"எந்த ஆஸ்பத்திரிம்மா?"

சொன்னாள்.

"அப்ப அது நான்தான்." அவர் குரல் தேய்ந்தது. "எனக்கு இதைப் பத்தி ஒரு மணி நேரம்கூட யாரும் பாடம் எடுத்ததில்ல. ஆனா தொட்டுப் பார்த்திருக்கலாம். அது என் தப்பு. மன்னிச்சிடுங்க."

"மூணு வருஷம் சார்," என்றாள் விசிலக்கா. பிசியோ அம்மாள் தண்ணீர் எடுத்து நீட்டினார். மகள்தான் காலை ஆட்டிக்கொண்டே, "அம்மா, அவருக்கு இன்னொரு தடவை குடுக்கலாமா?" என்று கேட்டாள்.

விசிலக்கா தண்ணீரைக் குடித்து முடித்தாள். "குடுக்கலாம். ஆனா முதல்ல அவர் கால்ல நான் கட்டுறேன். நாளைக்குக் காலைவரைக்கும் போட்டிருக்கட்டும். பிள்ளைங்க என்ன பாடுபடுதுன்னு தெரியட்டும்."

மறுநாளும் விசிலக்கா விடுப்புப் போட்டு மகளோடு வந்தாள். டாக்டர் மாடிப்படியில் ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். ஷூ நுழையாததால் ஒரு காலில் வீட்டுச் செருப்பு. "அரிக்குதும்மா, பஸ்ல ஒருத்தரும் எழுந்து இடம் குடுக்கல," என்றார். "எங்க வண்டில வந்திருந்தா குடுக்க வச்சிருப்பேன்," என்றாள் அவள். அன்று அவர் சுற்றிய கட்டுக்கு ஐந்து மார்க். இரண்டாம் முறை ஏழு.

நாலு மாதம் கழித்து அவரிடமிருந்து ஒரு குழந்தை வந்தது, எட்டு மாதக் கைக்குழந்தை. கூடவே ஒரு கடிதம்: 'வலது கால், பிறந்ததிலிருந்து வீக்கம், விரல் தோலைக் கிள்ள முடியவில்லை. தாய் மிகவும் பயந்திருக்கிறார். விசிலக்காவைச் சந்திக்க வைக்கவும்.' பிசியோ அம்மாள் அதை வாசித்துக் காட்டினார். விசிலக்கா அந்தத் தாயின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, குழந்தையைத் தன் மடிக்கு வாங்கிக்கொண்டாள். டாக்டர்மேல் இருந்த கோபத்தில் பாதி அன்றைக்கு இறங்கியது. மீதியை வைத்திருக்கிறாள், வகுப்பில் உதவுகிறது என்பாள்.

ஒவ்வொரு பயிற்சிக்கும் இப்போது ஒருநாள் அவளுடையது. டாக்டரும் தவறாமல் வருகிறார், பேண்டேஜ் சுருட்டிக் கொடுக்க.

மகளுக்குப் பன்னிரண்டு வயது. கட்டைத் தானே போட்டுக்கொள்கிறாள், ஸ்டாப் பெயர் எதுவும் சொல்லாமல். உதவ வந்தால், "நீ போம்மா, எனக்குத் தெரியும்," என்கிறாள். விசிலக்கா கதவோரம் நின்று பார்க்கிறாள். சுற்று சரியாகத்தான் இருக்கிறது. கையை என்ன செய்வதென்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.